சுரங்கத்துக்குள் சம்பந்தி

அந்த ஹெல்மெட்டை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் சார். மேலே வைத்தால் நாடுகாணி வளைவில் யார் தலையிலாவது இறங்கிவிடும். நெற்றியில் விளக்கு, தோளில் கயிறு, முழங்கால் வரைக்கும் பூட்ஸ். தேவாலாப் பக்கம் வெள்ளைக்காரன் தங்கம் தோண்டிய சுரங்கத்துக்குத்தானே? நீங்கள் ஏறும்போதே நினைத்தேன். கூட்டாளிகள் பின்னால் வேனில் வருகிறார்களா? சரி, நல்லது.

நான் யாரிடமும் வலியப் பேசுகிறவன் இல்லை. எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடை போட்டவன். அங்கே பேச்சுக்கு இடமில்லை. மூட்டையை மாட்டு, தராசு முள்ளைப் பார், எடையைச் சொல், அடுத்த மூட்டை. இந்த மனுஷன் வாயிலிருந்து எடையைத் தவிர வேறு ஒன்றும் வராது என்று என் மனைவி சௌந்தரவல்லி இன்றைக்கும் சொல்வாள். ஆனால் நீங்கள் அந்தச் சுரங்கத்துக்குள் போகப்போகிறவர். பார்த்தீர்களா, நானே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் சொல்லலாம், பரவாயில்லை. சுரங்கத்துக்குள் சொல்லக்கூடாது. வாசலிலும் கூடாது. 'போறேன்' என்று ஒருவரும் வாயைத் திறக்கக்கூடாது. வர்றேன். அவ்வளவுதான். வீட்டை விட்டுக் கிளம்பினாலும் வர்றேன், விருந்து முடிந்து எழுந்தாலும் வர்றேன். தமிழன் வீட்டில் இது தெரியாதவன் உண்டா? சுரங்கத்துக்கு இது இரட்டிப்பு. அந்தக் காலத்திலிருந்து அப்படித்தான். என் மனைவி, நான் சொல்லித்தான் இந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டதாகச் சொல்வாள். அவள் எந்தச் சுரங்கத்தைக் கண்டாள்?

எங்கள் வீட்டில் நான் இதில் கண்டிப்பு. தபால்காரர் ஒரு தடவை "நான் போறேன்" என்று படியிறங்கினார். திரும்பக் கூப்பிட்டு மாற்றிச் சொல்லவைத்தேன். என் மகள் மங்களேஸ்வரிக்கு அதில் ஒரே கேலி. நர்ஸ் வேலை பார்க்கிறவள், வாய் கொஞ்சம் நீளம். "ஏம்ப்பா, காய்ச்சல் வந்தவங்ககிட்ட காய்ச்சல் போயிடுச்சுன்னு சொல்லலாமா, இல்ல வந்துடுச்சுன்னே சொல்லணுமா?" என்று கேட்பாள்.

அவள் கல்யாணம்தான் சார் விஷயம். ஏழு வீட்டார் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, கூச்சம். கிளம்பும்போது சொல்கிற சொல்லை மட்டும் கேட்பேன். போய்ப் பேசிவிட்டு போன் செய்கிறோம் என்றால் இல்லை என்று அர்த்தம். ஜாதகத்தை இன்னொரு தடவை பார்க்கிறோம் என்றால் அதுவும் இல்லைதான். ஒரே ஒரு வீட்டார் வர்றோம் என்றார்கள். ஆனால் அவர்களோடு வந்த ஜீப் டிரைவர் வண்டியில் ஏறிக்கொண்டே "போலாமா?" என்றான். முடிந்தது. அவன் ஒருவன் கெடுத்தான்.

எட்டாவதாக வந்தவர்கள் காரமடை. மாசி மாதம். அப்பா பெயர் பெரியநாயகம், இரும்புக் கடை. பையன் சிவநேசன், அதே கடையில் கணக்குப் பார்க்கிறவர். அம்மாவும் வந்திருந்தார். பையனுக்குப் பிடித்திருந்தது என்று பார்த்ததுமே தெரிந்தது. இத்தனைக்கும் முதல் தடவை வருகிறார், எங்கள் வீட்டில் தண்ணீர்ப் பானை எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்காமலே எடுத்துக் குடித்தார். அவ்வளவு கெட்டிக்காரர். ஆனால் பையனுக்குப் பிடித்து என்ன? அந்த வீட்டில் அப்பா சொன்னால்தான். அவர் அதுவரைக்கும் பதினோரு பெண்ணைத் தட்டிக்கழித்தவராம். ஒருத்தி மூக்கு, ஒருத்தி நட்சத்திரம், ஒருத்தி வீட்டில் காபி ஆறிப்போயிருந்தது. மங்களத்துக்கு முப்பத்தொன்று. இதுவும் கைநழுவினால் இனி யாரும் மலையேறி வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் பெரியநாயகம் ஜீப்பிலிருந்து இறங்கியதுமே என்னைச் சம்பந்தி என்றார். எனக்குக் குளிர்ந்துவிட்டது. பெண் பார்க்கப் போன பதினோரு வீட்டிலும் அப்படித்தான் கூப்பிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

கேசரி சாப்பிட்டுக் கையைத் துடைத்தார். "சம்பந்தி, இங்க தங்கச் சுரங்கம் இருக்காமே" என்றார். உங்களைப் போலவே அவருக்கும் குகைப் பைத்தியம். கடைக்கு லீவு விட்டால் ஏதாவது பொந்துக்குள் நுழைந்துவிடுவாராம். ஆந்திராவில் ஒரு குகை, கொடைக்கானலில் ஒரு குகை. வௌவால் நாற்றம் அடித்தால்தான் அவருக்கு மனசு லேசாகும் என்று அவர் மனைவியே சொன்னார். பையிலிருந்து டார்ச் ஒன்றை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பெண் பார்க்க வந்தவர், டார்ச்சோடு வந்திருக்கிறார்.

நானே கூட்டிக்கொண்டு நடந்தேன். சமையல் முடிய நேரம் இருந்தது. தேயிலைக்குள் ஏறும்போது அவர் நிறையப் பேசினார். இயற்கைக் குகை தண்ணீர் செய்தது, சுரங்கம் மனுஷன் ஆசை செய்தது, அதனால் குகைக்குள் பயம் கிடையாது, சுரங்கத்துக்குள்தான் பயம் என்றார். நான் சந்தர்ப்பம் பார்த்து என் சட்டத்தைச் சொன்னேன். உள்ளே போறேன் என்று சொல்லக்கூடாது, வர்றேன்தான். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அவர் கடையிலும் இப்படி ஒன்று உண்டாம். ஆணியோ கதவுக் கீலோ சரக்குத் தீர்ந்தால் 'இல்லை' என்று ஒரு பையனும் சொல்லக்கூடாது. 'தீர்ந்துபோச்சு' என்றும் சொல்லக்கூடாது. 'நிறைஞ்சிருச்சு' என்று சொல்லவேண்டும். கேட்க வந்த ஆள் புரிந்துகொண்டு அடுத்த கடைக்கு நடந்துவிடுவான். இப்படிச் சொல்லில் கவனம் உள்ள இரண்டு பேர் சம்பந்தி ஆவது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். நான் மனசுக்குள் மாப்பிள்ளை அழைப்புக்கே தயாராகிவிட்டேன்.

சுரங்க வாசல் நீங்களே பார்ப்பீர்கள். மலையில் கதவில்லாத நிலை மாதிரி. பெரணிச் செடி தொங்கும், குனிந்துதான் நுழையவேண்டும். கணுக்கால் வரைக்கும் தண்ணீர், பல் கூசுகிற குளிர். சுவரில் உளி வெட்டின தடம் இன்னும் இருக்கிறது. கொஞ்ச தூரம் வந்ததும் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் திரும்பிவிடாதீர்கள், ஒரு குழி இருக்கிறது, தண்ணீர் நின்று தரை மாதிரியே தெரியும். அதைக் காட்டி, "நான் இல்லாம ஒரு அடி எடுத்து வெச்சுடாதீங்க சம்பந்தி" என்று அவரிடமும் சொல்லியிருந்தேன். அந்த விஷயத்தில் என் மேல் ஒருவரும் குறை சொல்ல முடியாது.

வலது பக்கம் ஒரு அறை. அது மனுஷன் வெட்டியது இல்லை. சுரங்கம் வெட்டிக்கொண்டு வந்தவர்கள் கையில் தற்செயலாகத் திறந்துகொண்ட குகை அது, பாறை தானாகவே விரிந்து கிடக்கிறது. சுவர் முழுக்க வெள்ளைக்கல். வெளிச்சம் பட்டால் உப்பளம் மாதிரி மினுங்கும். குரல் கொடுத்தால் அடங்க நேரமாகும். பெரியநாயகம் அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து அவர் முகத்தில் ஒரு திருப்தியைக் கண்டது அப்போதுதான்.

எனக்கோ வீட்டு நினைப்பு. தயிர் வந்ததா, வாழையிலை துடைத்தார்களா, வடை ஆளுக்கு மூன்று என்று சொல்லியிருந்தேன், சௌந்தரவல்லி இரண்டாகக் குறைத்துவிடுவாள். மனிதர் இன்னும் கொஞ்சநேரம் உட்காரட்டும், நமக்கென்ன, வருகிற வழி தெரிந்த வழிதானே என்று எழுந்தேன். மரியாதையாகக் கைகூப்பி, "அப்ப நான் வர்றேன் சம்பந்தி" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்காமல், "வாங்க" என்றார்.

இதில் என்ன தப்பு சார்? வர்றேன் என்று சொன்னால் வாங்க என்று பதில் சொல்வது உலக வழக்கம். விடைபெற்றேன், விடை கொடுத்தார். நான் கிளம்பினேன்.

வீட்டில் இலை போட்டாகிவிட்டது. அவர் வரவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். சம்பந்தியாகப்போகிறவரை அவசரப்படுத்த முடியுமா? அவர் மனைவி, "குகைக்குள்ள இறங்கிட்டா அவர் அப்படித்தான், நேரம் தெரியாது" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளையும் மங்களமும் பின்கட்டில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கும் நேரம் தெரியவில்லை. வடை ஆறிக்கொண்டிருந்தது. காபி ஆறியதற்கே ஒரு பெண்ணை வேண்டாம் என்றவர் இவர். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுபடியும் ஏறினேன்.

உள்ளே நுழையவில்லை. தனியாகக் கண்மூடி உட்கார்ந்திருப்பவர் முன்னால் போய் நிற்க எனக்குக் கூச்சம். வாசலில் நின்றே குரல் கொடுத்தேன். "சம்பந்தி, டார்ச் எப்படி இருக்கு?"

உள்ளேயிருந்து, "நிறைஞ்சிருச்சு சம்பந்தி" என்று வந்தது.

எனக்கு நிம்மதி. புது பாட்டரி போட்டு வந்திருக்கிறார், விவரமான ஆள். சாப்பாடு தயார் என்று சொன்னேன். சந்தோஷம் என்றார். குரலில் கொஞ்சம் அவசரம் தெரிந்தது, பசி என்று நினைத்தேன். மேற்கொண்டு தொந்தரவு செய்யாமல், "சரி, அப்ப நான் வர்றேன்" என்றேன்.

"வாங்க, வாங்க, சீக்கிரம் வாங்க" என்றார்.

சீக்கிரம் என்றதால் குறுக்குப் பாதையில் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் தனியாக வந்ததைப் பார்த்ததும் மங்களம் பின்கட்டிலிருந்து வந்தாள். என்ன கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார் என்று ஊசி போடுகிறவள் நரம்பு தேடுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். முதல் தடவை திரும்பி வந்ததும் அவர் கடைக் கதையைச் சொன்னீர்களே, அங்கே நிறைஞ்சிருச்சு என்றால் என்ன அர்த்தம் என்றாள். சரக்குத் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் என்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடை வேறு, டார்ச் வேறு இல்லையா சார்? இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்கிறேன்.

அவள் வீட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினாள். மாப்பிள்ளையும் பின்னால் ஓடினார். என்னை வரவேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டாள். இதற்குப் பிறகு நடந்தது மாப்பிள்ளை சொல்லி எனக்குத் தெரிந்தது.

இவர்கள் வாசலுக்குப் போனபோது உள்ளே சத்தமே இல்லையாம். மனிதர் இருட்டில், அந்தக் கல்லைவிட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறார். விளக்குச் செத்து வெகுநேரம். ஒரு அடி எடுத்து வைத்தால் குழி. நான்தான் சொல்லியிருக்கிறேனே. எனக்காகவே காத்திருந்திருக்கிறார். நான் இரண்டு தடவை வர்றேன் என்று சொன்னேனாம், இரண்டு தடவையும் வரவில்லையாம். அப்போது மங்களம் வாசலிலிருந்து சத்தம் போட்டிருக்கிறாள், எங்கே நிற்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல்.

"மாமா, காத்திருக்காதீங்க. அப்பா போயிட்டாரு."

சொன்னாள் சார். பெற்ற மகள். தமிழில் வேறு சொல்லே கிடைக்கவில்லை அவளுக்கு. வீட்டுக்கு வந்துட்டாரு என்று சொல்லக்கூடாதா?

அந்த வெள்ளைக்கல் அறையில் ஒரு சொல் விழுந்தால் நாலாகக் கேட்கும். போயிட்டாரு, போயிட்டாரு என்று சுற்றியிருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு அலறல் வந்ததாம். இவர்கள் இரண்டு பேரும் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடினால், பெரியநாயகம் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். "தங்கமான மனுஷன். வர்றேன்னு சொன்னாரே. வார்த்தை தவறாத மனுஷன், உசுரோட இருந்திருந்தா வராம இருப்பாரா? அவரைப் போய் இந்த இருட்டுல உக்காந்து திட்டித் தீர்த்தேனே பாவி."

மங்களம் வாயைத் திறந்திருக்கிறாள், விளக்கிச் சொல்லத்தான் திறந்தாளாம். அதற்குள் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ கவலைப்படாதே, உன் அப்பா இருந்து செய்யவேண்டியதை நான் செய்கிறேன், நீதான் என் மருமகள் என்று சொல்லிவிட்டார். திறந்த வாயை மங்களம் மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்தார், அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"சத்தியமாவா மாமா?"

"சத்தியமா. வருஷம் திரும்பறதுக்குள்ள நல்ல காரியம் நடந்துடணும்மா. வர்ற வைகாசியிலேயே."

மாதத்தையும் வாங்கிக்கொண்டாள். தண்ணீரில் தட்டுத்தடுமாறி, வழி நெடுக அழுதுகொண்டே வந்த மனிதரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, மூச்சுவாங்க உட்காரவைத்து, முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து, அதற்கு அப்புறம்தான் சொன்னாளாம்:

"அப்பா வீட்டுக்குப் போயிட்டாருன்னு சொன்னேன் மாமா. வடையை எண்ணிக்கிட்டு இருக்காரு."

அதுவரைக்கும் நான் செத்தவன். என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? நான் வீட்டில் மணை போட்டு உட்கார்ந்து, வடை ஆளுக்கு இரண்டுதான் வருகிறது என்று சௌந்தரவல்லியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அங்கே எனக்கு ஒப்பாரி நடக்கிறது.

வந்தார்கள். பெரியநாயகம் இடுப்பு வரைக்கும் சேறு. கண் சிவந்திருந்தது, வௌவால் தூசி என்று நினைத்தேன். என் எதிரே நின்று வெகுநேரம் என்னைப் பார்த்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. குகை எப்படி என்று விசாரித்தேன். இலையில் உட்கார்ந்தார், ரசத்தை மட்டும் இரண்டு தடவை வாங்கினார். சம்பந்தம் பற்றி நான் மெதுவாக எடுத்தபோது சௌந்தரவல்லி கரண்டிக் காம்பால் என் முதுகில் இடித்தாள்.

கிளம்பும்போது காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஜீப்பில் ஏறி, என் முகத்தைப் பார்த்து, எழுத்தெழுத்தாக, "போறோம்" என்றார்.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. எட்டாவதும் முடிந்தது என்று இடிந்து கிடந்தேன். மகளும் அம்மாவும் மட்டும் மறுநாளே கூடலூருக்குப் பட்டுப்புடவை விலை விசாரிக்கக் கிளம்பினார்கள். பெண்களுக்கு என்ன தைரியம் பாருங்கள், ஆள் போறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்புறம் வைகாசியில் கல்யாணம் நடந்தது. நன்றாக நடந்தது. நான் பிறகு யோசித்துப் பார்த்தேன். 'போறோம், நாள் குறிச்சுக்கிட்டு வர்றோம்' என்றுதான் அவர் முழுதாகச் சொல்லியிருக்கவேண்டும். பின்பாதியை ஜீப் சத்தம் விழுங்கிவிட்டது. இல்லையென்றால் கல்யாணம் எப்படி நடக்கும்?

மங்களம் மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. அப்பா போயிட்டாரு என்று சொன்ன வாயால், என் அப்பா நன்றாயிருக்கிறார் என்று ஒரு தடவை சொல்லு என்று கேட்டுப்பார்த்தேன். "நீங்க நல்லாத்தான் இருக்கீங்க, மத்தவங்கதான் பாவம்" என்கிறாள். இப்போது அங்கே இருந்துதான் வருகிறேன். காரமடையில் மூன்று நாள். நல்ல வீடு, மாமியார் தங்கமாக வைத்திருக்கிறார். சம்பந்தியைத்தான் பார்க்கக் கிடைப்பதில்லை. நான் வருகிறேன் என்றால் அவருக்குக் கடையில் வேலை வந்துவிடுகிறது. எதிரே வந்தாலும் பேசமாட்டார், தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அவ்வளவு மரியாதை வைத்திருக்கிறார் என் மேல்.

தேவாலா வந்துவிட்டதா? இன்னும் ஒரு வளைவு இருக்கிறது. நானும் அங்கேதான் இறங்குகிறேன்.

ஒன்று கேட்கவேண்டும் சார். கேட்கவா வேண்டாமா என்று ஏறியதிலிருந்தே யோசிக்கிறேன். எஸ்டேட்டில் அத்தனை வருஷம் எடை சொன்னேன். திருட்டு முள் என்று என்னைத் திட்டினவர்கள் உண்டு. வாயில்லாப்பூச்சி என்றவர்கள் உண்டு. தங்கமான மனுஷன் என்று எவரும் சொன்னதில்லை. ஒருவர் சொல்லியிருக்கிறார். எனக்காகத் தலையில் அடித்துக்கொண்டு அழுது சொல்லியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து நான் அங்கே இல்லை. மாப்பிள்ளையிடம் சொல்லச் சொல்லிக் கேட்டேன், போன தடவையும் கேட்டேன், நேற்றும் கேட்டேன். அவர் பாதியில் சிரித்துவிடுகிறார், சரியாக வருவதில்லை.

உங்கள் ஆட்களுக்கு இடைஞ்சலாக இருக்கமாட்டேன். வாசல் வரைக்கும்தான் வருவேன். நீங்கள் அந்த வெள்ளைக்கல் அறைக்குள் இறங்கியதும், வலது பக்கம் ஒரு கல் இருக்கும், அதில் உட்கார்ந்து அந்த ஒரு வார்த்தையைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல முடியுமா? வாசலில் நின்றால் எப்படிக் கேட்கும் என்று பார்க்கவேண்டும்.

அழவெல்லாம் வேண்டாம் சார். சொன்னால் போதும்.